தறி வீடும் குடியிருப்பு நீதியும்

வீட்டைச் சதுர அடியால் அளந்து, இழந்த பரப்புக்கு ஈடான பரப்பையோ பணத்தையோ கொடுத்துவிட்டால் வெளியேற்றப்பட்டவருக்குச் செய்யவேண்டிய நீதி முடிந்துவிடும் என்ற எண்ணம் நகர வீட்டுவசதிக் கொள்கைகள் பலவற்றுக்கும் அடிப்படையாக உள்ளது. திருவண்ணாமலை மாவட்டத்தின் பட்டு நெசவூரான ஆரணியில் இவ்வெண்ணம் செல்லாது. அங்கே நெசவாளர் குடும்பத்தின் இருப்பிடமும் பிழைப்பும் ஒரே கூரையின்கீழ் அமைந்தவை.

குழித்தறி என்பது, தரையில் வெட்டிய குழிக்குள் கால்களை இறக்கி மிதிகளை இயக்கியபடியே நெய்யும் தறியாகும். அதற்குத் தரைத்தளம் வேண்டும். வடிவங்களை எழுப்பும் ஜக்கார்டு பெட்டியை மேலே நிறுத்தக் கூரையில் உயரம் வேண்டும். பாவு எனப்படும் நீளவாட்டு இழைகளை நீட்டிச் சீர்படுத்த நேரான தெருவும், ஊடை எனப்படும் குறுக்கிழைக்கு நூல் சுற்றவும் இழை பிணைக்கவும் கைகொடுக்கும் அண்டைவீட்டாரும் வேண்டும். அத்தகைய குடும்பத்துக்கு ஊருக்கு வெளியே நான்காம் மாடியில் ஒரு வீட்டை இலவசமாகவே கொடுத்தாலும், குடிபுகுந்த நாளிலேயே அதன் நெசவுக்கூலி நின்றுவிடும். சென்னையின் நடுப்பகுதிக் குடிசைவாழ் மக்கள் 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டபோது, கூரை கிடைத்தும் வேலை தொலைவாகிப்போன துன்பம் இதே வகையைச் சார்ந்தது. பிழைப்புரிமை வாழ்வுரிமையின் பகுதியே என்று பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985இல் உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது; ஆயினும் அதே தீர்ப்பு, உரிய அறிவிப்புக்குப் பின் வெளியேற்றுவதைத் தடுக்கவில்லை.

இடிப்பினால் நேரும் வெளியேற்றத்துக்கு ஓர் ஆணையாவது உண்டு. வாடகை உயர்வினால் நேரும் வெளியேற்றத்துக்கு அதுவும் இல்லை. 1960ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், அதிகாரி ஒருவர் ‘நியாய வாடகை’ நிர்ணயிக்க வழிசெய்திருந்தது. அதற்கு மாற்றாக இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டமோ, வாடகையை இருதரப்பு ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டது. பழைய சட்டத்தால் வீட்டுக்காரர்கள் பட்ட இழப்பும், பராமரிப்பின்றிச் சிதைந்த வீடுகளும் மறுக்கத்தக்கவையல்ல. ஆனால் ஒப்பந்தம் நியாயமாக இருப்பதற்கு, உடன்படாதவர் வேறிடம் தேடிச்செல்லக் கூடியவராக இருக்கவேண்டும். தன் தரையில் குழிதோண்ட இசையும் வீட்டுக்காரர் சிலரே என்பதால், வாடகைக்கிருக்கும் நெசவாளருக்கு அந்தச் சுதந்திரம் மிகக் குறைவு; அவருடைய ஒப்புதலைத் தன்விருப்பம் என்று கொள்வது பிழை.

சொந்த மனையில் வீடு கட்டுவோருக்கும், தறிக்கூடத்துடன் வீடு அமைப்போருக்கும் அரசின் உதவித் திட்டங்கள் உண்டு. மனையே இல்லாதவரை அவை எட்டுவதில்லை. இக்குறையை நீக்க நெசவாளருக்கெனத் தனிக் குடியிருப்பு அமைக்கலாம் என்று சொல்வது எளிது. ஆனால் இங்கேதான் கடினமான அறவினா எழுகிறது. நெய்வதற்காக வீடு கொடுத்தால், நெய்வதை நிறுத்தியவர் வீட்டை இழக்கவேண்டுமா? செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டையின் காலணித் தொழிற்சாலைக்கு மகள் வேலைக்குப் போக, தந்தை மட்டும் தறியில் அமரும் குடும்பத்தில், தந்தையின் முழங்கால் தளர்ந்ததும் வீடும் பறிபோகுமெனில், அந்தத் திட்டம் அடுத்த தலைமுறையைத் தறியோடு கட்டிவைப்பதாகும். பட்டுச் சேலையின் பெருமைக்காக மனிதரைக் குழியில் இருத்திவைக்கும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை. ஆகவே வீட்டின் அமைப்பு தறிக்கு இடம்தருவதாகவும், வீட்டின்மீதான உரிமை தொழிலைச் சாராமல் குடியிருப்பவரையே சார்ந்ததாகவும் இருப்பதே நேர்மை.

செலவை யார் ஏற்பது என்பது எஞ்சும் கேள்வி. வாடகைக்கு வரம்பிட்டு முழுச் சுமையையும் வீட்டுக்காரர்மீது ஏற்றுவது முறையன்று. அவரும் ஒரேயொரு பகுதியை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் முதியவராக இருக்கக்கூடும். வியன்னா நகரம் 1923இல் ஆடம்பர வீடுகளுக்கு மிகுதியாகவும் எளிய வீடுகளுக்குக் குறைவாகவும் வீட்டுவரி விதித்து, அத்தொகையைக் கொண்டு தொழிலாளர் குடியிருப்புகளைக் கட்டியது. தறிக் குடும்பத்துக்கு நீண்டகால ஒப்பந்தம் எழுதித்தரும் வீட்டுக்காரருக்குச் சொத்துவரியில் சலுகை அளித்து, அந்த இழப்பைப் பெருங்கடைகளின் வரியிலிருந்து ஈடுசெய்வது ஆரணி போன்ற நகராட்சிகளுக்கு ஏற்ற வழியாகலாம். நெசவாளரின் உழைப்பால் வளர்ந்த வணிகம் அவர் குடியிருக்கும் தெருவுக்குக் கடன்பட்டிருக்கிறது.