பிறர் பொட்டலம்

சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்ப்பவர் ஊருக்குக் கிளம்பும் செய்தி அவர் தங்கும் அறையில் பரவிய நாளிலிருந்து அவருடைய எடைக் கணக்கு அவர் கையை விட்டுப் போய்விடுகிறது. பல விமானங்களில் பெட்டிக்கு 30 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ. இரண்டு வருடம் கழித்துப் போகிறவருக்கு அதுவே போதாது. மகளுக்குப் பள்ளிப் பை, அம்மாவுக்குக் கோடாலித் தைலம், பங்காளி வீடுகளுக்கு ஆளுக்கொரு சோப்பும் சென்டும், தெருப்பிள்ளைகளுக்குச் சாக்லேட், கனத்த போர்வை ஒன்று. அட்டைப்பெட்டியின் வாய் மூடாமல் பிதுங்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்துக் கட்டில்காரர் வந்து நிற்கிறார்: "அண்ணே, ஒரு ரெண்டு கிலோ இடம் கெடைக்குமா? வீட்டுல இருந்து ஏர்போர்ட்டுக்கே வந்து வாங்கிக்குவாங்க."

பெரும்பாலும் சரி என்றுதான் சொல்கிறார்கள். சொல்வதில் நியாயமும் இருக்கிறது. அந்த அறைகளின் வாழ்க்கையே இப்படிப்பட்ட கைமாற்றில்தான் ஓடுகிறது. தகப்பனின் சர்க்கரை மாத்திரை, கல்யாணத்துக்குச் சேர்த்த ஒரு மோதிரம், இன்னும் முகம் பார்க்காத குழந்தைக்கு ஒரு கொலுசு என்று எல்லாம் ஊருக்குப் போகிறவர் கையில்தான் போய்ச் சேர்கின்றன. வேலை செய்யும் இடத்திலேயே ஒருவர் இறந்துபோனால், அவருடைய சட்டை துணிகளையும் கைக்கடிகாரத்தையும் அடுத்து ஊர் போகும் அறைத்தோழர்தான் அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்குகிறார். பிறர் பொட்டலம் எதையும் தொடாதே என்று ஒரே வரியில் அறிவுரை சொல்பவர்கள் இதையெல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

ஆனால் கொடுப்பவர் கேட்பது இரண்டு கிலோ இடத்தை மட்டுமா? விமான நிலையத்தில் "பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா, யாராவது எதையாவது கொடுத்தார்களா?" என்று கேட்கும்போது சுமப்பவர் வாயிலிருந்து வரப்போகும் பதிலையும் அவர் கேட்கிறார். சுங்கச் சட்டம் 1962, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அறிவிக்கும் கடமையைப் பெட்டிக்கு உரியவர் மேல் வைக்கிறது. பெட்டியின் சீட்டில் இருப்பது அவர் பெயர், அவர் பாஸ்போர்ட். அவர் பச்சை வழியில் நடந்தால், என்னிடம் வரி கட்ட வேண்டியது எதுவும் இல்லை என்று வாய் திறக்காமலே சொல்லிவிட்டார் என்று பொருள். பிரிக்காத பொட்டலத்தைப் பற்றி அவர் அப்படிச் சொல்வது பொய்யா, அறியாமையா? இரண்டுக்கும் நடுவில் ஒரு இடத்தில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியவர் கொடுத்தவர்தான்.

வரி ஏய்ப்பு என்ற பக்கத்தையும் பார்க்கத்தான் வேண்டும். 2016-இல் வந்த பயணப்பொதி விதிகள் ஒருவருக்கு 50,000 ரூபாய் வரை வரியில்லாமல் கொண்டுவர இடம் தந்தன. அதற்கு மேல் போனால் மிகை மதிப்பில் 38.5 சதவீதம் வரி இருந்தது. 80,000 ரூபாய்க்கு ஒரு கைப்பேசி வாங்கி வந்தால் 11,550 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. ஒருவரின் சலுகையை இன்னொருவரின் சலுகையோடு சேர்த்துக் கணக்கிடக் கூடாது என்றும் அதே விதிகள் தெளிவாகச் சொல்லின. வரிசையில் முன்னால் நிற்கும் ஊர்க்காரரிடம், "இதை மட்டும் உங்க பையில வச்சுக்கங்க, வெளியே வந்ததும் வாங்கிக்கிறேன்" என்று நீட்டுவது இந்த விதியைத் தாண்டத்தான்.

இது தவறா என்று கேட்டால், கொண்டுவருபவர்கள் பலரிடமிருந்து ஒரு எதிர்க்கேள்வி வரும்: எங்களை நியாயமாக நடத்தாத விதிக்கு நாங்கள் ஏன் நியாயமாக இருக்க வேண்டும்? அந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. தங்க நகை விதியையே எடுத்துக்கொள்ளலாம். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்பும் ஆண் 20 கிராம், பெண் 40 கிராம் வரியில்லாமல் கொண்டுவரலாம் என்ற 2016 விதி, கூடவே ஆணுக்கு 50,000 ரூபாய், பெண்ணுக்கு ஒரு லட்சம் என்று மதிப்புக்கும் வரம்பு வைத்தது. 2025-இல் சுத்தத் தங்கம் 10 கிராம் ஒரு லட்சத்தைத் தாண்டியபோது அந்த 20 கிராம் ஐந்து கிராமுக்கும் கீழே வந்துவிட்டது. வீட்டு வேலை செய்து சம்பாதித்த காசில் நாலு வளையல் வாங்கி, கையில் போட்டுக்கொண்டு இறங்கும் பெண் எந்தக் குற்றமும் மனத்தில் நினைக்காமலே குற்றவாளி ஆகிவிட முடிந்தது. இலங்கையிலிருந்து வந்த புதுமணப் பெண்ணின் தாலிக்கொடியைச் சென்னை விமான நிலையத்தில் அதிகாரிகள் கழற்றி வாங்கிய வழக்கில், அதைத் திருப்பிக் கொடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2025-இல் உத்தரவிட வேண்டியிருந்தது. தபாலிலும் கூரியரிலும் வரும் 5,000 ரூபாய் வரையிலான அன்பளிப்புகளுக்கு இருந்த வரிவிலக்கும் 2019 டிசம்பரில் போய்விட்டது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டுமே விலக்கு மிஞ்சியது. அனுப்பும் வழி அடைபட்டால் சுமை ஆட்கள் தலைக்குத்தான் வரும்.

ஆகவே, தன் உழைப்பில் வாங்கியதைத் தன் பெட்டியில், தன் பெயரில் கொண்டுவரும்போது வரம்பைக் கொஞ்சம் தாண்டிவிடும் தொழிலாளியைப் பெரிய குற்றவாளியாகப் பார்க்க மனம் ஒப்பவில்லை. பிடிபட்டால் வரியைக் கட்டுவார்; கட்டவும் வேண்டும். தவறின் விலை தவறியவர் கையிலிருந்தே போகிறது. விதி மோசமானது என்ற வாதம் அவர் வாயில் பொருந்தும். அதே வாதம், தன் பொருளை இன்னொருவர் பெட்டியில் போட்டவர் வாயில் பொருந்தாது. விதியை எதிர்ப்பவர் அதன் விலையையும் தானே கொடுக்க வேண்டும். இவர் அதை வேறொருவர் தலையில் கட்டிவிட்டு எதிர்க்கிறார்.

அந்த விலை எவ்வளவு ஆகும் என்பதற்குக் கத்தார் வழக்கு போதும். 2019-இல் மும்பையிலிருந்து தோஹா போன இளம் தம்பதியிடம் நெருங்கிய உறவினர் ஒருவர் கொடுத்தனுப்பிய பொட்டலத்துக்குள் நாலு கிலோவுக்கு மேல் ஹஷீஷ் இருந்தது. பத்து ஆண்டு சிறைத்தண்டனை. கருவுற்றிருந்த மனைவி சிறையிலேயே பிள்ளை பெற்றார். ஏமாற்றப்பட்டவர்கள் என்று நிரூபணமாகி 2021-இல்தான் ஊர் திரும்பினார்கள். கொடுத்தவர் அந்நியர் இல்லை, உறவு. "தெரிஞ்சவங்கதானே" என்ற ஒரே உத்தரவாதத்தின் கனம் இவ்வளவுதான்.

இதையே தொழிலாகச் செய்கிற இடத்தில் விஷயம் இன்னும் அப்பட்டமாகத் தெரிகிறது. குருவிகள் என்று ஊர் சொல்லும் ஆட்களுக்கு டிக்கெட்டும் கொஞ்சம் கூலியும் தருகிறார்கள். பதிலுக்கு அவர்கள் தங்கள் எடையையும் பெயரையும் விற்கிறார்கள். சென்னை பர்மா பஜாரில் அடுக்கியிருந்த வெளிநாட்டுச் சரக்கில் இப்படி வந்து இறங்கியது நிறைய. பொருள் பிடிபட்டால் விசாரணையில் உட்காருவது குருவி. சரக்குக்கு உடையவர் விமான நிலையத்தின் பக்கமே வருவதில்லை. அறைத்தோழர் கொடுக்கும் பொட்டலத்தை இதோடு சேர்த்துப் பேசுவது கொடுமையாகத் தோன்றலாம். நோக்கத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்தான். ஆனால் பிடிபடும் நேரத்தில் யார் நிற்பார், யார் நிற்க மாட்டார் என்று கேட்டால் இரண்டிலும் பதில் ஒன்றாகவே இருக்கிறது.

சட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு எடையை மட்டும் பார்த்தாலும் கணக்கு உறுத்துகிறது. கவுன்ட்டரில் பெட்டியை வைத்ததும் எடை 33 காட்டுகிறது. ஓரமாகப் போய்க் குறைத்துவிட்டு வரச் சொல்கிறார்கள். தரையில் குந்தி, நைலான் கயிற்றை அறுத்து, பிளாஸ்திரியைப் பிய்த்துப் பெட்டியைத் திறக்கிறார். மேலேயே இருக்கிறது பக்கத்துக் கட்டில்காரரின் பொட்டலம். அதில் கை வைக்க முடியாது. நம்பிக் கொடுத்தது, வாங்கிக்கொள்ள ஆள் வேறு காத்திருக்கும். அதனால் வெளியே வருவது பால்பவுடர் டின்னும் போர்வையும். அவர் வீட்டுக்கு என்று வாங்கியவை அவைதான். ஒரு சட்டைக்கு மேல் இன்னொரு சட்டையை மாட்டிக்கொண்டு, டின்னை என்ன செய்வதென்று தெரியாமல் வழியனுப்ப வந்தவரிடம் திருப்பிக் கொடுக்கிறார். இரண்டு கிலோ கேட்டவருக்கு இது தெரியவே போவதில்லை. தெரிந்தால் பலரும் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

அதனால் கேட்பவர் பக்கம்தான் கடமை கூடுதல். பொட்டலத்தைப் பிரித்துக் காட்டும்படி சுமப்பவர் கேட்கட்டும் என்று விடுவது சரியில்லை. கேட்டால் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும் என்று அவர் கூசுவார். கொடுப்பவர் தாமே திறந்த பையாகக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, கடை ரசீதையும் உள்ளே வைத்து, அவர் கண் முன்னால் கட்ட வேண்டும். வரி கேட்டால் தன் கணக்கு என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இறங்கும் நேரத்தில் போனை எடுக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். இடம் போதாமல் வெளியே எடுக்க நேர்ந்தால் முதலில் எடுக்க வேண்டியது தன் பொருளைத்தான் என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இத்தனையும் செய்து கொடுத்த சர்க்கரை மாத்திரையைச் சுமப்பதில் எந்தக் குறையும் இல்லை. அதைச் சுமக்க மறுப்பதுதான் கல்மனம்.

மறுக்கவே முடியாத இடத்தில் இருப்பவரிடம் கேட்பது மட்டும் எந்த முறையிலும் சரியாகாது. லீவு கையெழுத்துப் போடும் சூப்பர்வைசரோ, ஏஜென்டுக்குக் கட்டக் கடன் கொடுத்தவரின் தம்பியோ பொட்டலத்தை நீட்டும்போது தொழிலாளி சொல்லும் 'சரி'யைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே பிரித்துக் காட்டுவதும் ரசீது வைப்பதும் கூடப் போதாது. எல்லாம் சுத்தமாக இருந்தாலும் அந்த 30 கிலோவில் இரண்டு கிலோ பறிபோனது பறிபோனதுதான். அப்படிப்பட்டவர்கள் தங்கள் பொருளைக் கூரியரில் போட்டு, வரியையும் கட்டிக்கொள்ளட்டும். அந்தச் செலவைத் தாங்க அவர்களால் முடியும்.