கண்ணின் கதிரும் ஜன்னலின் ஒளியும்

வீட்டின் அமைப்பைக் கணினியில் வரைந்து பார்க்க உதவும் ஸ்வீட் ஹோம் திரீடி போன்ற மென்பொருள்களில், சுவரின்மேல் ஒரு ஜன்னலை இழுத்து வைத்தால் அவ்விடத்தில் சுவர் தானே திறந்துகொள்கிறது. ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, வடதிசை, நாள், மணி ஆகியவற்றைக் குறித்துவிட்டால், அவ்வேளைக்குரிய வெயில் ஜன்னல் வழியே தரையில் விழுகிறது. சென்னையில் ஓர் அறையை அமைத்தால், ஜூன் மாத இறுதி நண்பகலில் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்பதையும், டிசம்பரில் தென்புற ஜன்னலின் வெயில் உள்ளே நீள்வதையும் காணலாம். இவ்வளவும் எளிதில் கைவரும் வித்தையே. ஆனால் அந்த வெளிச்சம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்று ஆராயப் புகுந்தவனுக்கு முன், நம் தரிசனங்கள் நெடுங்காலம் வாதிட்ட வினா ஒன்று வந்து நிற்கிறது: காட்சி கண்ணின் பிரயத்தனமா, ஒளியின் அனுக்கிரகமா?

கண் தேஜஸால் ஆனது என்றும், அதனின்று புறப்படும் கிரணம் பொருளைச் சென்று தீண்டுவதாலேயே காட்சி பிறக்கிறது என்றும் நியாய தரிசனத்தாராகிய நையாயிகர் கூறினர்; பௌத்தர் மறுத்தனர். 11-ஆம் நூற்றாண்டில் இப்னு அல் ஹைதம் என்னும் அறிஞர், ஒளியே பொருளினின்று கண்ணை வந்தடைகிறது என்று நிலைநாட்டினார். பௌதிகத்தில் அவர் சொன்னதே உண்மை. ஆயினும், கணினிப் படத்தில் வெளிச்சத்தைக் கணக்கிட 1980-இல் டர்னர் விட்டெட் வெளியிட்ட முறையும், 1986-இல் ஜேம்ஸ் கஜியா வகுத்த சமன்பாட்டின்வழி வந்த முறையும், சூரியன் சிந்தும் கதிர்களில் நம் கண்ணை எட்டுபவை மிகச் சிலவே ஆதலால், கதிரைக் கண்ணிலிருந்தே புறப்படச் செய்கின்றன. அது சுவரில் மோதித் தரையில் மோதி, ஒளியின் மூலத்தைத் தேடி அலைகிறது. கண்டடைந்தால் படத்தில் அக்கதிருக்குரிய புள்ளி துலங்கும், இல்லையேல் இருளும்.

சிறு ஜன்னல் ஒன்றே உள்ள அறையில் பெரும்பாலான கதிர்கள் அதைக் காணாமலே ஓய்ந்துவிட, படம் முழுதும் மணல் தூவினாற்போல் புள்ளிகள் மண்டிக் கிடக்கும். பிளெண்டர் என்னும் மென்பொருளில் இதற்கு ஓர் உபாயம் உண்டு. ஜன்னலின் வாயில் ஒரு பலகை விளக்கை வைத்து, அதைப் 'போர்ட்டல்' என்று குறித்துவிட்டால், அது தான் ஒளி வீசாமல், ஒளி வரும் திக்கைத் தேடும் கதிருக்குக் காட்டிக்கொண்டு நிற்கும். குருவின் ஸ்தானத்தை இதைவிடத் தெளிவாக நான் வேறெங்கும் கண்டதில்லை.

உயிருக்கு அறியும் ஆற்றல் உண்டெனினும் காட்டுவார் காட்டாமல் அது காணாது என்பதும், இறைவன் காட்டுவதோடு நில்லாமல் உடனிருந்து கண்டும் உபகரிக்கிறான் என்பதும் சைவ சித்தாந்தத்தின் துணிபு. அலைகின்ற கதிர் தன் அலைச்சலால் ஒளியைப் படைப்பதில்லை. ஆயினும் அலையப் புறப்படாத கதிருக்கு வெளியே சூரியன் இருந்தும் பயனில்லை. முயற்சியையும் அருளையும் எதிர்த்தரப்புகளாக நிறுத்தி வாதிடுவோர் இந்தக் கணக்கைச் சற்று உற்று நோக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

இவ்வொப்புமை ஓரிடத்தில் முறிகிறது. கதிர் எத்தனை முறை மோதலாம் என்பதற்கு மென்பொருளில் நாம் ஓர் எண்ணைக் குறித்து, அதற்குள் ஒளியை அடையாததைக் கைவிட்டுவிடுகிறோம். பிறவிகளுக்கு அப்படி ஓர் எண்ணை வரையறுத்து, இன்னும் காணாத உயிரை இருளில் நிறுத்திவிடும் இறைவனைச் சித்தாந்தம் அறியாது.