நிராசையும் ஆதரவும்

புழல் என்றதும் சென்னைவாசிகளுக்கு இரண்டு நினைவுகள் வரும். ஒன்று ஏரி. மற்றொன்று 2006-ம் ஆண்டு முதல் அங்கே இயங்கி வரும் மத்திய சிறைச்சாலை. தண்ணீரும் சிறையும் ஓரூரில் அமைந்திருப்பதால் இவ்வூரில் வசிக்கும் நமக்கு ஸூரத்து யூஸுஃப் அடிக்கடி நினைவுக்கு வருவதுண்டு. கிணற்றில் தொடங்கி, சிறையைக் கடந்து, ஒரு பெரும் பஞ்சத்தின் வழியாகப் பிரிந்தவர்களை ஒன்று சேர்க்கிற சரித்திரமல்லவா அது!

2019-ம் ஆண்டு ஜூன் மாதம் அந்தச் சரித்திரத்தின் பஞ்ச காலத்தைக் கண்ணாலேயே பார்த்தோம். 3,300 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள புழல் ஏரி வெடித்த களிமண்ணாகக் கிடந்தது. பூண்டி, சோழவரம், செம்பரம்பாக்கம் ஏரிகளின் கதியும் அதுவே. ஆறு மாதத்துக்கு மேல் நகரில் மழை விழவில்லை. ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. குறைத்து வழங்கப்பட்ட அந்நாட்களிலும் நகருக்கு நாளொன்றுக்குச் சுமார் 52 கோடி லிட்டர் போய்க்கொண்டிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த ரயில் எத்தனை நாழிகைக்குப் போதுமென்பது விளங்கும்.

சென்னையில் பல இடங்களில் மழைத் தொழுகை நடந்தது. நாமும் போய்த் தொழுதோம். நாயகம் (ஸல்) அவர்கள் செய்து காட்டியபடி மேலாடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு துஆ கேட்டோம்.

அந்த வாரத்தில் ஒருநாள் ஃபஜ்ரு முடிந்து வரும்போது, தெருமுனையில் லாரிக்காகக் குடங்களை வரிசை வைத்துக் காத்திருந்தவர்களில் வயதான ஓர் அம்மையார் அழுதுகொண்டிருந்தார். நள்ளிரவு மூன்று மணி முதல் நிற்கிறாராம். “நிராசை அடையக் கூடாதும்மா. அல்லாஹ் கைவிட மாட்டான். பொறுமையாக இருங்கள்” என்று நாம் சொன்னோம். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “தம்பி, உங்க வீட்டு போர்ல இன்னும் தண்ணி வருதில்ல?”

வந்துகொண்டுதான் இருந்தது. பதில் சொல்ல நாவெழாமல் வீடு வந்து சேர்ந்தோம்.

அன்று முழுவதும் மனதை அரித்த கேள்வி இதுதான்: நிராசை அடைந்தவர் யார்? அழுதவரா? அப்படியானால் ஹலரத் யஃகூப் (அலை) அவர்களை என்னவென்று சொல்வது? அருமை மகனைப் பிரிந்த துக்கத்தில் அழுது அழுது அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின என்று திருமறை கூறுகிறது. தம் துயரத்தை அல்லாஹ்விடமே முறையிட்டுக் கொண்டார்கள். அப்படி அழுத அதே நபிதான் தம் மக்களை அழைத்து, அல்லாஹ்வின் ரஹ்மத்தில் நிராசை கொள்ள வேண்டாமென்று கட்டளையிட்டார்கள். கண்ணீரும் ஆதரவும் ஒரே நெஞ்சில் குடியிருக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அந்த ஆயத்தில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. நிராசை கொள்ளாதீர்கள் என்பதற்கு முன்னால், போய் யூஸுஃபையும் அவர் சகோதரரையும் தேடுங்கள் என்ற ஏவல் வருகிறது. முதலில் தேட வேண்டும். அந்த அம்மையார் மூன்று மணி முதல் தேடிக்கொண்டு நின்றார். அழுகை அவருடைய களைப்பைக் காட்டிற்றே தவிர ஈமானின் குறைவைக் காட்டவில்லை. நமக்கோ, தொட்டி நிறைய நீரிருந்தபடியால், நம்மிடம் ஆதரவு இருந்ததா இல்லையா என்று அறியவே வழியில்லாமல் போயிற்று.

நிராசையை மார்க்கம் ஏன் இத்தனை கடுமையாகக் கண்டிக்கிறது? அதை நிராகரிப்போரின் குணமென்றே மேற்படி ஆயத் சொல்கிறது. மனம் சோர்வது மனித இயற்கை. இயற்கைக்கு எங்காவது தண்டனை உண்டா? நாம் சிந்தித்த வரையில் காரணம் இதுவாகத் தோன்றுகிறது: “இனி ஒன்றும் நடக்காது” என்பவன், நாளை நடக்கப்போவது தனக்குத் தெரியுமென்கிறான். மறைவானதை அறிந்தவன் என்று தன்னை ஆக்கிக்கொள்கிறான். ஸூரத்து லுக்மானின் கடைசி ஆயத்தில், அல்லாஹ்வுக்கே உரியவையாகக் கூறப்படும் ஐந்தில் மழையும் ஒன்றல்லவா? ஆனால் அதே அளவுகோலை மறுபக்கமும் வைக்க வேண்டும். “கவலையை விடுங்கள், மழை கட்டாயம் வந்துவிடும்” என்று தைரியம் சொல்லுகிறவரும் அதே மறைவான அறிவுக்கு உரிமை கொண்டாடுகிறார். எனக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும் என்று ஒப்புக்கொண்டு கையேந்துவதுதான் ஆதரவு வைத்தல்.

தெரியாதென்பதால் சும்மா இருந்துவிடலாமா என்றால் அதுவும் கூடாது. இமாம் கஜ்ஜாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஒரு விவசாயியை உதாரணம் காட்டுகிறார்கள். நல்ல நிலத்தைத் தேர்ந்து, நல்ல விதை தூவி, காலத்தில் நீர் பாய்ச்சி, களையெடுத்து, பிறகு அல்லாஹ்வின் அருளை எதிர்பார்ப்பவனுடையதே ஆதரவு. நீரேறாத உவர் நிலத்தில் விதையை வீசிவிட்டு விளைச்சலை எதிர்பார்ப்பவன் தன்னைத்தானே ஏமாற்றிக் கொள்கிறான்.

உவர் நிலம் என்றதும் மீஞ்சூர்ப் பக்கம் நினைவுக்கு வருகிறது. பல்லாண்டுகள் நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்து அங்கே கிணறுகள் உப்பாகிவிட்டன. 2010-ல் அதே மீஞ்சூர் அருகே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வட சென்னைக்குத் தண்ணீர் தரத் தொடங்கியது. கடலை உள்ளே வரவழைத்தவர்களும் நாமே, அதை வடிகட்டிக் குடிப்பவர்களும் நாமே! ஊர்க்கதை போகட்டும், நம் வீட்டுக் கதையைச் சொல்வோம். 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது நாமும் ஒரு குழி வெட்டினோம். 2019-ல் பார்த்தால் அது மண் மூடிக் கிடந்தது. அதன்மேல் துவைகல்லைப் போட்டிருந்தோம்! மழைத் தொழுகைக்குப் போய் வந்த வீட்டின் நிலை இது. செழிப்பான ஏழாண்டுகளில் தானியத்தைக் கதிரோடு சேமித்து வைக்கச் சொன்ன யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை எத்தனை தடவை ஓதியிருப்போம்! பெய்தால் அதைப் பிடித்து வைக்க இடமில்லாமல் கேட்ட அந்த துஆவை, இமாமவர்களின் இரண்டு விவசாயிகளில் யாருடைய கணக்கில் சேர்ப்பது?

கல்லை நகர்த்திக் குழியைத் தூர்வாரினோம். வாசலுக்கு ஒரு குழாய் இழுத்து, காலையும் மாலையும் அரைமணி நேரம் மோட்டார் போட்டுத் தெருவாருக்குத் தண்ணீர் விட்டோம். போர் சீக்கிரம் வற்றிவிடும் என்று வீட்டில் முணுமுணுப்பு எழுந்தது உண்மை. பள்ளிவாசலில் ஹவ்ளு வற்றிவிட்டதால் ஒளுச் செய்ய ஆளுக்கு ஒரு சிறு குவளை தந்தார்கள். முணுமுணுத்தவர்கள் அங்கும் உண்டு. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளுச் செய்தார்கள் என்பதை நினைவூட்டிய பிறகே அடங்கினார்கள்.

முணுமுணுத்தபடியே ஜூலைக் கடைசியில் நம் போர் காற்றை இறைக்கத் தொடங்கியது. இறைத்துக் கொடுத்ததால் வற்றியதா, எப்படியும் வற்றியிருக்குமா என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். மறுநாள் லாரி வந்தபோது நம் வீட்டுக் குடங்களுக்கும் வரிசையில் இடம் போட்டு வைத்திருந்தவர் அந்த அம்மையார்தான்.

பிறகு மழை வந்தது. 2021 நவம்பரில் ஏரி நிரம்பி மதகுகளைத் திறந்துவிடும் அளவுக்கு வந்தது. உபரிநீர் போகும் வழியில் இருக்கும் மணலிப் பக்கத்து மக்கள் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து தவித்தார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் ஜும்ஆ குத்பாவின்போது ஒருவர் எழுந்து மழையில்லை என்று முறையிட, அவர்கள் கையேந்த, ஒரு வாரம் விடாது பெய்ததும், அடுத்த ஜும்ஆவில் வீடுகள் இடிகின்றன என்று முறையீடு வந்ததும், எங்கள் மீதன்றிச் சுற்றுப்புறங்களில் பொழியச் செய்வாயாக என்று அவர்கள் துஆ கேட்டதும் நாம் அறிந்ததே. அந்த நவம்பர் இரவில் கொட்டும் மழையில் ஒரு சிறுவன் குடை பிடித்து வந்து கதவைத் தட்டினான். அம்மையாரின் பேரன். “நன்னிம்மா சொல்லச் சொன்னாங்க: அன்னிக்குக் கேட்ட துஆவைப் போதும்னு சொல்லி, இப்ப அந்த ரெண்டாவது துஆவைக் கேக்கணுமாம். உங்க வீட்டுக் குழி நிரம்பிடுச்சான்னும் பார்த்துட்டு வரச் சொன்னாங்க” என்றான்.

டார்ச் எடுத்துப் போய்ப் பார்த்தோம். நிரம்பி, மேலே வழிந்துகொண்டிருந்தது.