பசுமைக்குச் சான்று எது?

நம் பங்குகளும் பள்ளிகளும் மறைமாவட்டங்களும் இன்று இணையதளம் வைத்திருக்கின்றன. அத்தளம் வானில் மிதப்பதன்று. எங்கோ ஒரு தரவு மையத்தில், இரவும் பகலும் ஓயாத சர்வர் ஒன்றில் தங்கியிருக்கிறது. அதனை இயக்கவும் குளிர்விக்கவும் மின்சாரம் வேண்டும். 2024-ஆம் ஆண்டில் உலக மின்நுகர்வில் ஏறத்தாழ 1.5 விழுக்காடு தரவு மையங்களுக்குச் சென்றது என்பது பன்னாட்டு எரிசக்தி முகமையின் மதிப்பீடு. தளங்களுக்கு இடமளிக்கும் நிறுவனங்கள் பல, நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் கலவாத மின்சாரத்திலேயே இயங்குவதாக அறிவிக்கின்றன. அச்சொல்லை அப்படியே ஏற்கலாமா? அன்றிச் சான்று கேட்பது பிறரன்புக்கு முரணான ஐயப்பாடு ஆகுமா?

கம்பியில் வரும் மின்சாரத்தில் காற்றாலையினது எது, அனல் நிலையத்தினது எது எனப் பிரித்தறிய இயலாது. ஆகவே, புதுப்பிக்கத்தக்க மூலத்திலிருந்து 1 மெகாவாட்-மணி உற்பத்தியானால், அதற்கொரு சான்றிதழ் வழங்கும் முறை ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் ஏற்பட்டது. அச்சான்றிதழை மின்சாரத்திலிருந்து பிரித்துத் தனியே விற்கவும் கூடும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

ஐஸ்லாந்தின் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் நீராற்றலாலும் புவிவெப்பத்தாலும் பிறப்பது. அத்தீவை ஐரோப்பியப் பெருநிலத்தோடு இணைக்கும் மின்வடம் ஏதுமில்லை. ஆயினும் அதன் சான்றிதழ்கள் பெருநிலத்தில் விலைபோயின. வாங்கியவர் தம் மின்சாரம் தூயது என்கிறார். தீவில் அதனையே நுகர்ந்தவரும் அவ்வாறே சொன்னால், ஒரே ஆடு இரு சந்தைகளில் விற்கப்பட்டதாகிறது அன்றோ? இத்தகைய இரட்டைக் கணக்குப் பற்றிய ஐயத்தால், 2023-இல் அவ்வேற்றுமதி சிறிது காலம் நிறுத்திவைக்கப்பட்டது.

மற்றொன்றும் உண்டு. நண்பகல் சூரிய ஒளிக்குச் சான்றிதழ் வாங்கி, நள்ளிரவில் நிலக்கரி மின்சாரத்தில் இயங்கும் நிறுவனம், ஆண்டிறுதியில் நூற்றுக்கு நூறு என எழுதலாம். கணக்கு பொய்யன்று; கேட்பவர் கொள்ளும் பொருளோ மெய்யன்று. 2017 முதல் ஆண்டு அளவில் ஈடுசெய்த கூகுள் நிறுவனமே, மணிக்கு மணி தூய மின்சாரம் என்னும் இலக்கை 2030-க்கென 2020-இல் வகுத்தது.

எட்டாம் கட்டளை விலக்குவது பொய்யுரையை மட்டுமன்று. மெய்போல் தோன்றச் செய்யும் உரையையும் அது விலக்குகிறது. புனித தோமா அக்குவினாஸ் வாய்மையை நீதியோடு சேர்த்து வைத்தார். ஏனெனில் உண்மை பிறருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன். இங்கே அக்கடனுக்கு உரியவர் வாடிக்கையாளர் மட்டுமல்லர். அனல் நிலையத்தின் சாம்பலைச் சுவாசிக்கும் ஏழையும், இனிப் பிறக்கவிருக்கும் குழந்தையும் உரியவரே. அவர்கள் பேரம் பேசும் இடத்தில் இல்லை. எனவே அவர்கள் சார்பில் கேட்பது ஐயப்பாடு அன்று, நீதியே. உயிர்த்த ஆண்டவரும் தோமாவுக்குத் தம் காயங்களைக் காட்ட மறுக்கவில்லை.

எனினும் மனச்சான்று முழுநிறை உறுதியைக் கேட்பதில்லை. அறநெறி உறுதி போதும். எந்த நிலையத்தின் மின்சாரம், எந்த ஆண்டுக்குரியது, அதே சான்றிதழ் வேறெவருக்கேனும் விற்கப்பட்டதா என்னும் மூன்று வினாக்களைச் சிறு பங்கும் கேட்க இயலும். நெதர்லாந்தின் கிரீன் வெப் ஃபவுண்டேஷன், நிறுவனங்களிடம் சான்றுகளைக் கேட்டுப் பெற்று, பட்டியலிட்டு வருகிறது, அதனையும் பார்க்கலாம். விடை தர மறுப்பவரை விட்டு, விடை தருபவரை நாடுவோம். படைப்பைப் பேணுவதாகச் சொல்லும் திருச்சபையின் இணையதளம், அச்சொல்லுக்கே முரணான அடித்தளத்தின்மேல் நிற்றல் தகுமோ?