ஐம்பது பேரின் நேரம்

கவிதை எழுத எனக்கு ஒரு தாளும் பேனாவும் போதும். வீடு உறங்கியபின் எழுதி, மடித்து, அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாலும் அது கவிதைதான். சிம்பொனி அப்படியல்ல. ஐம்பது பேர் ஓரிடத்தில் கூடி வாசித்தால்தான் அதற்கு உயிர்.

இத்தாலிய ஓபரா தொடங்குமுன் வாசிக்கப்பட்ட சிறு முகப்பிசையிலிருந்து பிறந்தது அது. வேகம், நிதானம், மீண்டும் வேகம் என மூன்று பகுதிகள். 18ஆம் நூற்றாண்டில் ஓபராவை விட்டுத் தனியே நின்றது. ஹைடன் காலத்தில் நான்கு பகுதிகளாக நிலைபெற்றது. நூற்றுக்கும் மேற்பட்ட சிம்பொனிகள் எழுதிய ஹைடனுக்கு எஸ்டர்ஹாசி அரண்மனையின் இசைக்குழு கைக்கருகே இருந்தது. எழுதியதைக் கேட்கலாம், திருத்தலாம். 1824இல் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி ஒரு மணி நேரத்தைத் தாண்டியது, பாடகர்களும் சேர்ந்தார்கள். வடிவம் வளர வளர, அதற்குத் தேவையான ஆட்களும் பணமும் வளர்ந்தன.

"பெண்களில் ஏன் ஒரு பீத்தோவன் இல்லை?" என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். பெண்களுக்குத் திறமை இல்லாமல் போனதா, இசைக்குழு கிடைக்காமல் போனதா?

பாரிஸ் இசைக்கல்லூரியில் பியானோ பேராசிரியராக இருந்த லூயிஸ் ஃபாரெங்க் தன் மூன்றாம் சிம்பொனியை 1847இல் எழுதினார். அதை மேடையில் கேட்க 1849வரை காத்திருந்தார். 1875வரை வாழ்ந்தும், அதன்பின் அவர் சிம்பொனி எழுதவில்லை. அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஃப்ளோரன்ஸ் பிரைஸின் முதல் சிம்பொனியை 1933இல் சிகாகோ சிம்பொனி இசைக்குழு வாசித்தது. ஆனால் 1945இல் எழுதிய நான்காவதை அவர் கேட்கவே இல்லை. 1953இல் இறந்தார். பாழடைந்த வீடொன்றில் 2009இல் அவருடைய தாள்கள் கிடைத்தன. 2018இல்தான் அது முதன்முதலாக ஒலித்தது.

"பெண் எழுதியது என்பதற்காகவே பாராட்ட வேண்டுமா?" அவளுடைய அடுத்த கேள்வி. நேர்மையான கேள்வி. வேண்டாம் என்றேன். இரக்கத்தில் தரும் பாராட்டும் அவமதிப்புதான். ஆனால் தரம் என்று நாம் நம்புவது எங்கிருந்து வந்தது? பீத்தோவனை இருநூறு ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறார்கள். நம் காது அதில் பழகியது. பெண்ணின் படைப்பை ஒரே ஒருமுறை கேட்டுவிட்டு, 'பரவாயில்லை' என்று தீர்ப்பு எழுதுவது எப்படி நியாயமாகும்? நாம் அவர்களுக்குக் கடன்பட்டிருப்பது புகழை அல்ல, நேரத்தை.

அடுத்த வகுப்பில் ஃபாரெங்கின் மூன்றாம் சிம்பொனியை ஒலிக்கவிடப் போகிறேன். இரண்டு முறை. பிறகு பேசலாம்.