யாராவது வந்து இரண்டு மணி நேரம்

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லா பாத்துக்கோங்க." பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் குரலைத் தாழ்த்தி இப்படிச் சொன்னால், கயத்தாறுப் பக்கத்தில் யாரும் அதற்கு விளக்கம் கேட்பதில்லை. திருநெல்வேலியிலிருந்தோ மதுரையிலிருந்தோ நாற்கரச் சாலை வழியாகக் கார் வந்து சேரும். நாலு பேர் பெட்ஷீட்டோடு தூக்கிக் கட்டிலில் கிடத்துவார்கள். தெருவே கூடி நிற்கும். மறுநாள் காலையில் தெரு தன் வேலைக்குப் போய்விடும். கட்டிலும், கட்டிலில் கிடப்பவரும், ஒரு பெண்ணும் மிஞ்சுவார்கள். மனைவி, மகள், மருமகள், யாராக இருந்தாலும் அநேகமாக ஒரு பெண்தான்.

நல்லா பார்த்துக்கொள்வது என்றால் என்னென்ன வேலை என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்காது. அசையாமல் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியிலும். விட்டுவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்து, பிறகு பிய்ந்து படுக்கைப் புண்ணாகும். ஆரோக்கியமான ஓர் ஆணை ஒற்றைப் பெண்ணாகத் திருப்புவதே கஷ்டம். நோயில் இளைத்தவரை வலிக்காமல் திருப்புவது அதைவிடக் கஷ்டம். மூத்திரப் பையை நிரம்பும் முன் காலி செய்ய வேண்டும். வாயை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். துணியை மாற்ற வேண்டும், அலச வேண்டும், ஐப்பசி மழையில் அதைக் காய வைக்க இடம் தேட வேண்டும். கரிசல் காட்டில் தண்ணீர் எப்போதும் தாராளமாக இருந்ததில்லை. ஒரு நோயாளி இருக்கும் வீட்டுக்கு எத்தனை குடம் கூடுதலாக வேண்டும் என்பது அந்த வீட்டுப் பெண்ணுக்குத்தான் தெரியும்.

கூலியையும் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் பலருக்கு மானாவாரி நிலம். உளுந்தும் பாசியும் பருத்தியும் மழையை நம்பி விதைப்பது. களையெடுப்புக்குப் போனால் கூலி, தீப்பெட்டி ஆபீசுக்குப் போனால் கூலி. போகாத நாளுக்கு ஒன்றுமில்லை. ஒருவர் படுத்தால் இரண்டு பேருடைய சம்பாத்தியம் நிற்கிறது: படுத்தவருடையது, பக்கத்தில் இருப்பவருடையது. காப்பீட்டு அட்டை ஆபரேஷனுக்கு உதவும். வீட்டில் கழியும் ராத்திரிகளுக்கு எந்த அட்டையும் கிடையாது.

என் பெரியப்பாவுக்கு வாய்ப்புற்று வந்தபோது பார்த்துக்கொண்டது மதினி. அண்ணன் லாரியில் போகிறவர். மாதத்தில் பாதி நாள் வெளியூர். மதினி தீப்பெட்டி ஆபீஸ் வேலையை விட்டாள். பெரியப்பாவைப் பார்க்க வந்தவர்களுக்குக் குறைவே இல்லை. வாயைத் திறக்க முடியாத மனிதருக்கு பிரட் பாக்கெட்டும் ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வந்து குவிந்தன. வந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, ஆளைத் தெரிகிறதா என்று வரிசையாகக் கேட்டார்கள். அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்றார் ஒருவர். குற்றாலம் பக்கத்தில் ஒரு வைத்தியர் மூலிகை கொடுப்பதாகச் சொன்னார் இன்னொருவர். எல்லோருக்கும் மதினி காப்பி போட்டாள். வராமல் இருந்தால் குறை. வந்தால் இவ்வளவு வேலை. பார்க்கப் போவது நம்மிடம் ஒரு கடன் போல ஆகிவிட்டது, மொய் எழுதுவது மாதிரி. போனதாகக் கணக்கில் ஏறினால் போதும்.

ஒரு நாள் மதினி என்னிடம் சொன்னாள்: "வாரவுக எல்லாரும் மாமா எப்படி இருக்காருன்னுதான் கேக்காக. யாராச்சும் 'ஏளா, நீ போயி ரெண்டு மணி நேரம் படு, நான் இருக்கேன்'னு சொன்னா அவுக காலைத் தொட்டுக் கும்பிடுவேன்."

அப்படிச் சொன்னது எதிர்வீட்டு அக்கா ஒருத்திதான். சொல்லக்கூட இல்லை. மத்தியானம் தன் வீட்டுப் புளியையும் அரிவாள்மணையையும் எடுத்துக்கொண்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கொட்டை எடுத்துக்கொண்டே பெரியப்பாவைப் பார்த்துக்கொண்டாள். மதினி அடுத்த அறையில் தூங்கினாள். அந்த அக்கா ஒரு ரூபாய்க்குப் பழம் வாங்கி வரவில்லை. அந்த வீட்டுக்கு வந்த உதவிகளில் அதுதான் பெரியது என்று இன்றும் நினைக்கிறேன்.

கேரளத்துக்காரர்கள் இதை ஓர் ஏற்பாடாகவே செய்து காட்டினார்கள். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியவர்கள் வலி தணிப்பு சிகிச்சைக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் ஒன்று தெரிந்துபோனது: நோயாளி எல்லோரும் கோழிக்கோட்டுக்கு வர முடியாது, டாக்டர் எல்லா வீட்டுக்கும் போக முடியாது. பிறகு மலப்புறம் மாவட்டத்தில் ஊர்க்காரர்களையே சேர்த்தார்கள். வாரத்தில் இரண்டு மணி நேரமாவது ஒதுக்க முடிகிறவர் யாராக இருந்தாலும் வரலாம். அவருக்குப் பயிற்சி கொடுத்து, தன் ஊரில் படுத்திருப்பவர்களின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். பீடி சுற்றுகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், பள்ளிக்கூட வாத்தியார், கல்லூரிப் பிள்ளைகள் என்று பலரும் அதில் சேரலாம் என்று ஆனது. ஒருவர் அரிசி கொண்டுபோனார், ஒருவர் புண்ணைக் கட்டினார், ஒருவர் உட்கார்ந்து பேசினார். 2008இல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. இந்தியாவில் ஒரு மாநிலம் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. இன்று அங்கே வீட்டுக்கு வரும் நர்ஸ் என்பது பஞ்சாயத்தின் பொறுப்புகளில் ஒன்று. நமக்கும் அவர்களுக்கும் நடுவில் இருப்பது ஒரு செங்கோட்டை மலைதான்.

வலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்த்துக்கொள்பவரை உடைப்பது வேலை அல்ல, அலறல். ராத்திரி ஒரு மணிக்கு ஒருவர் வலியில் கத்தும்போது பக்கத்தில் இருப்பவருக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் இருப்பதைவிடக் கொடுமை வேறில்லை. புற்றுநோயின் கடும் வலிக்கு மார்பின் மாத்திரை கேட்கும். விலையும் அதிகமில்லை. அபின் சட்டப்படி விளையும் வெகு சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் உரிமம் பெற்ற விவசாயிகள் விளைவித்து அரசுக்குக் கொடுக்கிறார்கள், வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்கும் போகிறது. விளைகிற நாட்டில் நோயாளி கத்திக்கொண்டே சாகிறார். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் மார்பின் வைத்திருக்கவே ஆஸ்பத்திரிகள் பல உரிமங்கள் வாங்க வேண்டியிருந்தது. அந்தத் தொந்தரவுக்குப் பயந்து பலர் வாங்குவதையே விட்டார்கள். 2014இல் சட்டத்தைத் திருத்தி நடைமுறையை எளிதாக்கினார்கள். சட்டம் இளகினாலும் பயம் இளகவில்லை. அடிமையாகிவிடுவார், சீக்கிரம் போய்விடுவார் என்று வீட்டுக்காரர்களே மாத்திரையை ஒளித்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் அது உயிரை எடுப்பதில்லை. மலச்சிக்கல் வரும்; அதற்கும் சேர்த்தே மருந்து தருவார்கள். வலி வந்தபின் கொடுப்பதல்ல, வருமுன் நேரப்படி கொடுப்பதுதான் அதன் முறை. இன்னொரு சின்ன விஷயம்: புற்றுப் புண்ணின் வாடையால்தான் பல வீடுகளில் பேரப்பிள்ளைகள் அறைக்குள் போவதில்லை. மெட்ரோனிடசோல் என்ற சாதாரண மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவி அந்த வாடையைக் குறைக்கும் வழக்கம் இந்தச் சிகிச்சையில் நெடுங்காலமாக உண்டு. நர்ஸிடம் கேட்டால் காட்டித் தருவார். பெரியப்பா வீட்டில் இது தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது.

எங்கள் கரிசல் பக்கத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் தலைக்கூத்தலைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2010இல் விருதுநகர் மாவட்டத்திலிருந்து வந்த செய்திகளால் அது நாடறிந்த விஷயமானது. பிறகு 'பாரம்' என்று படமும் வந்து தேசிய விருது வாங்கியது. தலைக்கூத்தல், அதாவது இழுத்துக்கொண்டு கிடக்கும் முதியவரை வீட்டாரே முடித்து வைப்பது, கொலை. அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் செய்தியைப் படித்துவிட்டு, கிராமத்து ஜனங்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நகரத்தில் பேசுவதைக் கேட்டால் எரிச்சல் வருகிறது. உயிர் பிரியாமல் கிடந்தால் மண்ணாசை என்று சொல்லி, அவருடைய நிலத்துக் கரிசல் மண்ணைத் தண்ணீரில் கரைத்து உதட்டில் வைக்கிற ஜனம் இது. பிரியமில்லாதவர்கள் அதைச் செய்வார்களா? மாசக்கணக்கில் தூங்காத ஒருத்தி, கூலி இல்லாத வீடு, அடங்காத வலி, எட்டிப் பார்த்துவிட்டுக் காப்பி குடித்துப் போகும் உறவு, இவ்வளவும் சேர்ந்த இடத்தில்தான் அந்த யோசனை முளைக்கிறது. போலீஸும் சட்டமும் வேண்டியதுதான். அவற்றுக்கு முன்னால் அந்த வீட்டுக்கு ஒரு மார்பின் மாத்திரையும் ஒரு மத்தியானத் தூக்கமும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுப்பதோடு, படுத்திருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய் ஆதரவு சிகிச்சையும், இயன்முறை சிகிச்சையும் உண்டு. மாத்திரை பிரிவு பலருக்குத் தெரிந்திருக்கிறது. மற்ற இரண்டும் இருப்பதே தெரியாத தெருக்கள் பல. தெரிந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: நர்ஸ் வந்து புண்ணைக் கட்டி, திருப்பிப் போடும் விதத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போயாக வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குத் திருப்பிப் போட எந்தத் திட்டமும் ஆள் அனுப்பாது. அந்த நேரம் பக்கத்து வீட்டுக்காரர்களுடையது, பங்காளிகளுடையது, நம்முடையது.

உங்கள் தெருவில் இப்படி ஒரு கட்டில் கிடந்தால், வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீங்கள் போய் நோய் ஆதரவு சிகிச்சை நர்ஸ் எப்போது வருவார் என்று கேட்டு, அந்த நோயாளியின் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள். அதற்காக ஒரு காலை நேரத்தைச் செலவிட அந்த வீட்டுப் பெண்ணால் முடியாது.