சுட்டியும் சுட்டறிவும்

கணினித் திரையில் கண்ட பொருளைக் கைகாட்டித் தேர்ந்தெடுக்க உதவும் கருவியை மக்கள் பேச்சில் மவுஸ் என்றே வழங்கினாலும், கலைச்சொல் வகுத்தோர் அதற்கு இட்ட ‘சுட்டி’ என்னும் பெயர் தத்துவ மாணவரின் செவியில் வேறு விதமாக ஒலிக்கும். இலக்கணத்தில் சுட்டு என்பது அ, இ, உ என்னும் எழுத்துகள் ஒரு பொருளை ‘அது’, ‘இது’, ‘உது’ என்று காட்டும் தொழில். சைவ சித்தாந்தத்திலோ, அறிபவன் ஒரு பொருளைத் தன்னினின்று வேறாகப் பிரித்து முன்னிறுத்தி, ஒவ்வொன்றாக அறியும் அறிவுக்குச் சுட்டறிவு என்று பெயர். 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார், பன்னிரண்டு சூத்திரங்களால் ஆன சிவஞானபோதத்தின் ஆறாம் சூத்திரத்தில், இவ்வாறு சுட்டி அறியப்படுவன எல்லாம் நிலைபேறற்ற அசத்து என்றும், எவ்வகையாலும் அறியப்படாதது சூனியம் என்றும் விலக்கி, மெய்ப்பொருள் இவ்விரண்டிலும் அடங்காதது என்று நிறுவுகிறார். அப்படியாயின், மேசையிலிருந்து சுட்டியை அகற்றிவிட்டு விசைப்பலகை ஒன்றைக்கொண்டே கணினியை ஆள்பவர் சுட்டறிவைச் சிறிதேனும் கடந்தவர் ஆவாரா?

இப்படி ஆள விரும்புவோர் பெரும்பாலும் லினக்ஸையே நாடுவதற்குக் காரணம் உண்டு. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அந்த அமைப்பில், சாளரங்களை எங்கே, எந்த அளவில் வைப்பது என்று தீர்மானிக்கும் நிரல் இயங்குதளத்தோடு ஒட்டிப் பிறந்ததன்று. சாளர மேலாளர் எனப்படும் அந்நிரலை வேண்டாதவர் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டிக்கொள்ளலாம். 2006இல் வெளிவந்த டிடபிள்யூஎம் என்னும் சாளர மேலாளர் தன் மூலநிரல் 2,000 வரிகளைத் தாண்டலாகாது என்று தனக்குத்தானே வரம்பு கட்டிக்கொண்டது. 2009இல் வந்த ஐ3 அதே வழியில் பலரை ஈர்த்தது. இவற்றில் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தரையில் பதித்த ஓடுகளைப்போல் பக்கம்பக்கமாக அமைய, ஒரு விசையை அழுத்திப் பிடித்தபடி மற்றோர் எழுத்தைத் தட்டினால் ஒன்று திறக்கும், இடம் மாறும், மூடும். சிங்கப்பூரில் தேக்காவிலிருந்து நடந்தே எட்டிவிடக்கூடிய சிம் லிம் ஸ்குவேரின் கணினிக் கடைகள் புதியதை விற்றுக்கொண்டிருக்க, நினைவகம் போதவில்லை என்று ஒதுக்கப்பட்ட பழைய மடிக்கணினியும் இத்தகைய எளிய அமைப்பில் தடையின்றி இயங்கும். மிகைப்பொருள் கொள்ளாமை என்னும் அறத்துக்கு அந்த அளவில் இது அணுக்கமானதுதான்.

ஆயினும் இதன் சாரம் எளிமையில் இல்லை. சுட்டியைப் பயன்படுத்துபவர் வேண்டியதைத் திரையில் முதலில் காண வேண்டும். கண்டபின்பே கை அதை நோக்கி நகரும். விசைப்பலகையையே நம்புபவரோ, காணாததையும் பெயரால் அழைக்கிறார். அழைப்பதற்கு அந்தப் பெயர் முன்னரே அவர் நினைவில் பதிந்திருக்க வேண்டும். வழிபாட்டின் மொழியில் சொன்னால் முன்னது தரிசனத்துக்கு நெருக்கமானது, பின்னது நாம செபத்துக்கு நெருக்கமானது. சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்குபவர் தம் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, அர்ச்சகர் அம்மனின் பெயர்களைச் சொல்லக் கேட்டு, தீபாராதனையில் அவள் உருவத்தைக் கண்டு திரும்புகிறார். ஒரே வழிபாட்டில் பெயரும் உருவும் இரண்டும் உண்டு. ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடும்படி அங்கே எவரும் கேட்பதில்லை.

பெயரால் அழைப்பது சுட்டைக் கடந்த நிலை என்று வாதிட விரும்புவோரைச் சித்தாந்தமே மறுத்துவிடுகிறது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், புலன்கள் வழியாக வரும் அறிவை மட்டுமன்றி, நூல்களாலும் சொல்லாலும், சொல்லுக்கு மூலமான நாதம்வரை உள்ள எல்லாவற்றாலும் வரும் அறிவையும் பாசஞானம் என்றே, அதாவது தளைகளைச் சார்ந்து எழும் அறிவு என்றே, வகைப்படுத்துகிறார். விரலால் காட்டுவது ஒரு சுட்டு என்றால் பெயரிட்டு அழைப்பது மற்றொரு சுட்டு. மேசையிலிருந்து சுட்டி போகலாம், சுட்டு போவதில்லை.

விசைப்பலகைக்குச் சித்தாந்தத்தோடு இதைவிட உண்மையான ஒரு தொடர்பு உண்டு, அதற்கும் சிங்கப்பூருக்கும் உறவும் உண்டு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராகவும் சிறுகதை ஆசிரியராகவும் விளங்கிய நா. கோவிந்தசாமி, 1990களின் நடுவில் தமிழை இணையத்தில் ஏற்றியதோடு, 1997 மே மாதம் அறிஞர்கள் கூடிய தமிழ்நெட் 97 மாநாட்டைச் சிங்கப்பூரில் நடத்துவதற்கும் முன்னின்றார். ஆளுக்கொரு விசை அமைப்பு வைத்திருந்த காலம் அது. அங்கே தொடங்கிய பேச்சு 1999 பிப்ரவரியில் சென்னை மாநாட்டில் முடிவுக்கு வந்து, தமிழ்99 என்னும் பொது அமைப்பு பிறந்தது. கோவிந்தசாமி அதே ஆண்டில் மறைந்தார். தமிழ்99இல் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்துள்ளன. ககர விசையைத் தட்டினால் வருவது புள்ளி வைத்த வெறும் மெய்யன்று, அகரம் உள்ளிருக்கும் ‘க’. அதே விசையை மறுமுறை தட்டினால் முன்னதன் மேல் புள்ளி தானே ஏறும். எல்லா எழுத்துகளிலும் அகரம் வேறறக் கலந்து நிற்பதுபோல இறைவன் உயிர்களில் கலந்து நிற்கிறான் என்பதே சித்தாந்தத்தின் தலையாய உவமை. உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனைத் தொடங்குவதும் அதைக் கொண்டுதான். கண்ணுக்குத் தெரியாத அகரத்துக்குத் தனியாக விசை தட்டத் தேவையில்லாதபடி ஓர் அமைப்பை வகுத்தவர்கள் சமயத்தை எண்ணி அதைச் செய்யவில்லை, மொழியின் இயல்பை எண்ணியே செய்தார்கள் என்பது அந்த உவமையின் வலிமையைக் குறைப்பதில்லை, கூட்டவே செய்கிறது.

சுட்டியை விலக்குவோரிடம் காணும் வெறுப்பு வேறு வகை. சுட்டியின்றி இயங்குவதற்கென்றே எழுதப்பட்ட ஒரு சாளர மேலாளருக்கு ரேட்பாய்சன், அதாவது எலி மருந்து, என்று பெயர் வைத்தார்கள். தமிழ் மரபு எலிக்குச் செய்தது அதன்று. போரில் பெருச்சாளியாக உருமாறி வந்த கயமுகாசுரனைப் பிள்ளையார் கொல்லாமல் ஊர்தியாக்கிக்கொண்டார் என்பது கந்தபுராணம் சொல்லும் கதை. மெய்கண்டார் தம் நூலுக்குக் காப்பாக வைத்த வணக்கமும் பிள்ளையாருக்கே உரியது. சுட்டியை உலகுக்குக் காட்டிய டக்ளஸ் எங்கல்பார்ட்டும், 1968 டிசம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் வலக்கையில் அதையும் இடக்கையில் ஐந்து விசைகள் கொண்ட சிறு பலகையையும் ஒருசேர இயக்கியே காட்டினார். ஒன்று மற்றொன்றின் பகை என்று அவர் கருதவில்லை.

உயிர் எதைச் சார்ந்ததோ அதன் தன்மையாகவே நிற்கும் என்பது சித்தாந்தத்தின் மற்றொரு கோட்பாடு. இதனைச் சார்ந்ததன் வண்ணமாதல் என்பர். பழகிய விரல்கள் விசைகளை மறந்து இயங்கும்போது கருவி மறைந்து செயல் மட்டும் எஞ்சுவது மெய்தான் என்றாலும், அங்கே உயிர் கொண்டது கருவியின் வண்ணமே, திருவருளின் வண்ணமன்று. மிகையை அகற்றப் புறப்பட்டவர் அமைவுக் கோப்பு எனப்படும் விருப்பத் தொகுப்பைத் திருத்தித் திருத்தியே இரவுகளைக் கழிப்பதும், சுட்டியைத் தொடுபவரைத் தமக்குக் கீழாக எண்ணுவதும் அரிய காட்சிகள் அல்ல. நுகர்பொருள் ஒன்று குறைய ஆணவம் ஒரு படி ஏறுமானால் அதற்குத் துறவு என்று பெயரில்லை. கைத்திறன் என்று சொன்னால் போதும், அது மதிப்புக்குரியதுதான்.

திரையைக் காண இயலாத ஒருவருக்கோ விசைப்பலகை விரதமும் அன்று, கைத்திறப் போட்டியும் அன்று. திரையிலுள்ளதை வாய்விட்டுப் படிக்கும் ஓர்க்கா போன்ற மென்பொருளைக் கேட்டவாறே, பெயரைத் தட்டிப் பெயருக்குரியதைப் பெறும் அவருக்குத் துறப்பதற்கென்று ஒரு சுட்டி முதலிலிருந்தே இருந்ததில்லை.